பழைய மூடிய பெட்டி ஒலிபெருக்கிகள்: அறிகுறியைக் கொண்டு பழுது நீக்கும் வழிமுறை

1954-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் எட்கர் வில்சரும் ஹென்றி க்ளாஸும் தொடங்கிய அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், ஒலிபெருக்கிப் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே அகப்பட்ட காற்றையே வூஃபர் எனும் பாஸ் யூனிட்டின் கோனுக்கு (ஒலிக்காக அசையும் கூம்புக்கு) வில்லாக்கிவிட்டால் சிறிய பெட்டியிலிருந்தும் ஆழமான பாஸ் எடுக்கலாம் என்று செய்து காட்டியது. 1967-இல் வந்த அதன் ஏஆர்-3ஏ பெட்டி அந்த வழியின் முதிர்ந்த வடிவம்: 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனிக் குவிமாட யூனிட்டுகள், 575 ஹெர்ட்ஸிலும் 5000 ஹெர்ட்ஸிலும் ஒலியைப் பிரித்தனுப்பும் க்ராஸ்ஓவர். கேஎல்எச், அட்வென்ட் பெட்டிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். இந்த வகைப் பெட்டி ஒன்று பரணிலிருந்தோ, பழைய பொருள் கடையிலிருந்தோ, வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் வீட்டிலிருந்தோ உங்கள் கைக்கு வந்து, அதிலிருந்து ஒலி சரியாக வரவில்லை என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை ஏஆர்-3ஏ-யை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன். முன்புறம் துளை வைத்த பெட்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

திருப்புளியை எடுப்பதற்கு முன் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒலிபெருக்கிகள் ஜோடியாக வருவது பழுது பார்ப்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி. ஒன்றைப் பிரித்திருக்கும்போது மற்றொன்று, எந்தக் கம்பி எங்கே போகிறது, கோன் எவ்வளவு எளிதாக அசைய வேண்டும், பஞ்சு எவ்வளவு அடைக்கப்பட்டிருக்கிறது என்ற எல்லாவற்றுக்கும் விடையாக அருகிலேயே நிற்கும். ஆகவே எந்தக் காரணம் கொண்டும் இரண்டையும் ஒரே நாளில் பிரிக்கக் கூடாது. இரண்டாவது, கோளாறு பெட்டியில்தான் இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்வது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு இடது, வலது பெட்டிகளின் கம்பிகளை இடம் மாற்றி இணைத்துப் பாருங்கள். கோளாறு பெட்டியோடு சேர்ந்து மறுபக்கம் போனால் பெட்டியில் பழுது. கோளாறு அதே பக்கத்தில் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபையரிலோ கம்பியிலோ பழுது. இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் நல்ல வூஃபரைக் கழற்றிப் பாழாக்கியவர்களை அறிவேன்.

ஆம்ப்ளிஃபையரும் பழையது என்றால், பெட்டிகளைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் ஓடாத நிலையில், அதன் வெளியீட்டு முனைகளில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் அந்த ஆம்ப்ளிஃபையரைச் சரிசெய்யும்வரை எந்தப் பெட்டியையும் அதில் இணைக்கக் கூடாது, ஏனெனில் நேர்மின்சாரம் வாய்ஸ் காயிலை, அதாவது கோனோடு ஒட்டிக் காந்த இடைவெளியில் ஆடும் கம்பிச் சுருளை, கருக்கிவிடக்கூடும்.

ஒரு பெட்டி முழுவதுமாக ஊமையாக இருக்கிறது

மூன்று யூனிட்டுகளும் ஒரே சமயத்தில் செத்துப்போவது அரிது. எல்லாமே நின்றுவிட்டது என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான வழியில், அதாவது பின்புற முனையில், உள்ளே செல்லும் கம்பியில், சில பெட்டிகளில் இருக்கும் ஃப்யூஸில்தான் தடை இருக்கும். முனைகளில் பச்சையோ கருப்போ படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியும்படி செய்யுங்கள். கடற்கரை ஊர்களில் இந்தப் படிவு விரைவாக வரும்.

பிறகு ஆம்ப்ளிஃபையர் கம்பியை நீக்கிவிட்டு, பெட்டியின் முனைகளில் ஓம் அளவைப் பாருங்கள். 8 ஓம் பெட்டி ஏறத்தாழ 5.5 முதல் 7 வரையும், 4 ஓம் பெட்டி 3-க்கும் 4-க்கும் இடையிலும் காட்டும். இந்த அளவைப் பற்றி ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும்: மேல் ஒலி யூனிட்டான ட்வீட்டருக்கும் நடு யூனிட்டுக்கும் முன்னால் கப்பாசிட்டர் இருப்பதால் மீட்டரின் நேர்மின்சாரம் அவற்றுக்குள் போகாது, ஆகவே பின்புற முனையில் கிடைக்கும் அளவு வூஃபரின் உடல்நிலையை மட்டுமே சொல்லும், ட்வீட்டரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. அளவு சரியாக இருந்தும் மேல் ஒலி இல்லை என்றால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

மீட்டர் எல்லையற்ற அளவைக் காட்டினால் வூஃபர் வழி அறுந்திருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் வூஃபர் 'டப்' என்று மெல்ல அசைய வேண்டும். அசையவில்லை என்றால் வூஃபரைக் கழற்றி, அதன் சொந்த முனைகளிலேயே அளக்க வேண்டும்.

கழற்றும்போது கவனம் தேவை. வூஃபரின் காந்தம் இரும்புத் திருப்புளியை எதிர்பாராத கணத்தில் பிடித்து இழுக்கும். திருப்புளி நழுவினால் முதலில் கிழிவது கோன். ஒரு கையால் கோனுக்கு மேல் தடித்த அட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திருகாணியைக் கழற்றுங்கள். ஏஆர் பெட்டிகளில் வூஃபர், புட்டி எனப்படும் களிமண் போன்ற அடைப்புப் பசையின் மேல் அமர்ந்திருக்கும். ஐம்பது ஆண்டுகளில் அது இறுகிப் பிடித்திருக்கும். நெம்பக் கூடாது. ஃபிரேமின் ஓரத்தில் தட்டையான பிளாஸ்டிக் துண்டைச் செருகி, சுற்றிச் சுற்றி ஒவ்வோர் இடமாகத் தளர்த்தினால் தானாக எழும்பி வரும். உள்ளே இருக்கும் பஞ்சு பெரும்பாலும் கண்ணாடிப் பஞ்சாகவோ பாறைப் பஞ்சாகவோ இருக்கும் என்பதால் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். எடுத்த பஞ்சை ஒரு பையில் கட்டி வைத்து அதே அளவு திரும்ப அடையுங்கள். மூடிய பெட்டியில் அந்தப் பஞ்சின் அளவு பாஸின் குணத்தையே மாற்றும்.

பாஸ் வருகிறது, மேல் ஒலி மங்கியிருக்கிறது அல்லது இல்லவே இல்லை

பழைய பெட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுதான். 'ட்வீட்டர் போச்சு' என்று முடிவு கட்டுவது இதற்கு வழக்கமான தவறான மருந்து. ட்வீட்டரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

ஏஆர்-3ஏ-யின் பின்புறத்தில் 1, 2, டி என்று மூன்று திருகு முனைகள் உண்டு. 2-ஐயும் டி-யையும் சேர்த்து ஒரு சிறிய உலோகத் தகடு இருக்க வேண்டும். கைமாறிக் கைமாறி வரும் பெட்டிகளில் இந்தத் தகடு தொலைந்துபோயிருப்பது வழக்கம். அது இல்லையென்றால் மேல் ஒலிக்கான வழி துண்டிக்கப்பட்டுவிடும். ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் அந்த இரண்டையும் இணைத்தாலே பழுது தீர்ந்துவிடக்கூடும்.

அடுத்தது குமிழ்கள். நடு ஒலிக்கும் மேல் ஒலிக்கும் அளவு வைக்க அந்தக் காலப் பெட்டிகளில் பின்புறம் இரண்டு குமிழ்கள் இருக்கும். உள்ளே கம்பி சுற்றிய தடையின் மேல் ஓர் உலோகத் தொடுமுனை நகரும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தொடுமுனைக்குக் கீழே களிம்பு ஏறி இணைப்பு அற்றுப்போகும். ஏஆர்-3ஏ இந்த விஷயத்தில் பெயர் போனது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு இரண்டு குமிழ்களையும் முழுவதும் முன்னும் பின்னுமாக இருபது முறை திருப்புங்கள். பிறகு குறைந்த ஒலியில் பாட்டை வைத்துக் குமிழை மெல்ல நகர்த்தும்போது கரகரவென்ற சத்தத்தோடு மேல் ஒலி வந்து வந்து போனால், குற்றவாளி அகப்பட்டுவிட்டது என்று பொருள். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில மாதங்கள் ஓடும். நிலையான தீர்வு வேண்டுமென்றால் குமிழைக் கழற்றித் திறந்து, தொடுமுனையையும் அது ஓடும் பாதையையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து மீண்டும் பூட்ட வேண்டும். அதற்குப் பதிலாக எல்-பேட் எனும் புதிய வகை அளவுக் குமிழை வைப்பவர்கள் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் குமிழைத் திருப்பும் அளவுக்கும் ஒலி குறையும் அளவுக்கும் பழைய பெட்டியில் இருந்த உறவு மாறிவிடும். உள்ளே இருப்பது தேறும் நிலையில் இருந்தால் நான் அதையே தேய்த்துப் பூட்டுவேன்.

மூன்றாவதுதான் கப்பாசிட்டர். 1960-70களின் க்ராஸ்ஓவர்களில் இருந்த நான்-போலார் (பிளஸ், மைனஸ் திசை இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து, அவற்றின் உள்தடை கூடி, மேல் ஒலியை மங்கச் செய்யும். ஏஆர்-3ஏ-யில் 6, 50, 150 மைக்ரோஃபாரட் என மூன்று மதிப்புகள் உண்டு. கப்பாசிட்டரை அளக்க அதன் ஒரு காலையாவது சுற்றிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் அளந்தால் மீட்டர் மற்ற பாகங்களையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. ட்வீட்டருக்குச் செல்லும் 6 மைக்ரோஃபாரட்டுக்குப் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகையையும், பெரிய மதிப்புகளுக்கு மீண்டும் நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக்கையே போடலாம். 150 ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் 100-ஐயும் 47-ஐயும் பக்க இணைப்பில் சேர்த்தால் போதுமான அளவுக்கு அருகில் வந்துவிடும். கடையில் பிளஸ், மைனஸ் குறியிட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கை 'இதுவும் ஒன்றுதான்' என்று தருவார்கள். ஒலிபெருக்கியில் ஓடுவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் என்பதால் அது ஒருபோதும் ஒன்றாகாது. சென்னை ரிச்சி தெருவில் 'க்ராஸ்ஓவருக்கான நான்-போலார்' என்று சொல்லிக் கேட்டால் குழப்பம் வராது. பழையதை எடுத்துவிட்டு ஃபிலிம் வகை போட்டபின் மேல் ஒலி சற்றே கூர்மையாகக் குத்துவதாகத் தோன்றினால், பழைய கப்பாசிட்டரில் இயல்பாகவே இருந்த சிறு உள்தடை இப்போது இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். அதனோடு தொடரிணைப்பில் அரை ஓமுக்கு உட்பட்ட ஒரு தடையைச் சேர்த்துப் பார்க்கலாம். காயில்கள், அதாவது க்ராஸ்ஓவரில் உள்ள செம்புச் சுருள்கள், கெடுவதே இல்லை எனலாம். அவற்றைத் தொட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் மேல் ஒலி வரவில்லை என்றால் ட்வீட்டரின் கம்பிகளை விடுவித்து நேரடியாக ஓம் அளவு பாருங்கள். அறுந்திருந்தால், அதன் வாய்ஸ் காயில் கருகியிருக்கலாம். ஆனால் குவிமாட ட்வீட்டர்கள் பலவற்றில் முனையிலிருந்து குவிமாடத்துக்குச் செல்லும் மயிரிழைக் கம்பி, முனையை ஒட்டிய இடத்தில் மட்டும் அறுந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அந்த முறிவை ஒரே ஓர் இழைக் கம்பியால் இணைத்துச் சால்டர் செய்தால் ட்வீட்டர் உயிர் பெறும். ட்வீட்டரைப் பேட்டரியால் சோதிக்கக் கூடாது.

1980களின் பெட்டிகளில் வேறொரு வகை மங்கல் உண்டு. காந்த இடைவெளியில் ஃபெரோஃப்ளூயிட் எனும் காந்தத் திரவம் ஊற்றிய ட்வீட்டர்களில் அத்திரவம் பசைபோல் இறுகிவிட்டால், ஓம் அளவு முற்றிலும் சரியாக இருக்கும்போதே ஒலி பாதியாகக் குறையும். பிரிக்கக்கூடிய ட்வீட்டராக இருந்தால் குவிமாடத்தை எடுத்து, தடித்த வடிகட்டித் தாளை இடைவெளியில் விட்டுப் பழையதை முழுவதுமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த ட்வீட்டருக்குரிய அளவில் புதிய திரவத்தை இட வேண்டும்.

குவிமாடம் உள்ளே அமுங்கியிருப்பது பெரும்பாலும் தோற்றக் குறைதான். மென்துணிக் குவிமாடத்தை ஒட்டுநாடாவால் மெல்லத் தொட்டு இழுக்கலாம். நான் ஒருமுறை வேக்வம் கிளீனரை முழு வேகத்தில் வைத்து இழுத்தேன். குவிமாடம் காயிலோடு சேர்ந்து குழாய்க்குள் போய்விட்டது. கடினமான குவிமாடங்களை விட்டுவிடுங்கள். 1974-இல் வந்த யமஹா என்எஸ்-1000எம்-இன் குவிமாடங்கள் பெரிலியம் உலோகத்தால் ஆனவை. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. உடைந்த பெரிலியம் குவிமாடத்தைத் தேய்க்கவோ, வளைக்கவோ, வெறும் கையால் பொறுக்கவோ கூடாது.

ஒலி விட்டு விட்டு வருகிறது

குமிழ்களைப் பற்றி மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஒலி கூட்டும்போது மட்டும் வூஃபர் வந்து போகிறது என்றால், ஃபிரேம் முனையிலிருந்து கோனுக்குத் தொங்கும் பின்னல் கம்பியைச் சந்தேகியுங்கள். லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்ததில் அது கோனோடு சேரும் இடத்தில் உள்ளுக்குள்ளே அறுந்து, மேலுறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். மீட்டரை வைத்துக்கொண்டு கோனை விரல்களால் மெல்ல அசைத்தால் அளவு துள்ளும். ஒலிபெருக்கிப் பழுது பார்க்கும் கடைகளில் இதே பின்னல் கம்பி கிடைக்கிறது. பழையதன் நீளத்தையும் தொங்கலையும் அப்படியே வைத்து மாற்றுங்கள். சாதாரண மின்கம்பியைப் போட்டால் அதன் விறைப்பால் கோன் ஒரு பக்கம் இழுபடும்.

வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடியாக உதிர்கிறது

தொடக்கக் காலத்து ஏஆர் வூஃபர்களில் விளிம்பு வளையம் துணியால் ஆனது. பின்னர் அது ஃபோமாக மாறியது. அட்வென்ட் உட்பட 1970-80களின் எண்ணற்ற பெட்டிகளும் ஃபோமையே நம்பின. பாலியூரிதேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள் சிதைகிறது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பத்து முதல் இருபது ஆண்டுகளில் அது ஒட்டும் கூழாகவோ கருந்தூளாகவோ ஆகிவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் கடலோரக் காற்று அதற்கு உதவியே செய்கிறது. 'பெட்டியைத் திறக்காமல் துணி போர்த்தி வைத்திருந்தோம்' என்பது இங்கே ஒரு பாதுகாப்பே அல்ல.

ஃபோம் கிழிந்த வூஃபரில் பாட்டுக் கேட்பதை அன்றே நிறுத்த வேண்டும். கோனை நடுவில் நிறுத்தி வைக்கும் இரண்டு பிடிமானங்களில் ஒன்று போய்விட்டதால், வாய்ஸ் காயில் காந்த இடைவெளியின் சுவரில் உரசித் தேயும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, காயில் கட்டி கோன் மாற்றும் வேலையாக மாறுவது இந்தப் பிடிவாதத்தால்தான்.

புது ஃபோம் வாங்கும்போது '12 அங்குலம்' என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். 12 அங்குல வூஃபர்களுக்குள்ளேயே பல அளவுகள் உண்டு. பழைய வளையத்தின் வெளி விட்டம், உள் துளையின் விட்டம், நடுவிலுள்ள அரைவட்ட மடிப்பின் அகலம், கோனின் விட்டம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உள் விளிம்பு தட்டையா, கோனின் சரிவுக்கேற்பச் சாய்ந்ததா என்பதையும், கோனின் முன்புறம் ஒட்டியிருந்ததா பின்புறமா என்பதையும் பிய்ப்பதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். கிடைத்ததைப் போடலாம் என்று ரப்பர் வளையத்தை ஒட்டினால் அதன் கனமும் விறைப்பும் வூஃபரின் அதிர்வெண்ணையே நகர்த்திவிடும். தன்னளவில் 18 ஹெர்ட்ஸில் ஊசலாடும்படி மிகத் தளர்வாக அமைத்து, பெட்டிக்குள் காற்று வில்லால் 42 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தப்பட்ட ஏஆர்-3ஏ வூஃபர் போன்றவற்றில் இந்தப் பிழை காதுக்கே தெரியும்.

பழைய ஃபோமையும் பசையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஊறவைத்து, மழுங்கிய பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி எடுக்க வேண்டும். கோனின் ஓரத்தில் இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். தாள் கோனையே நனைத்து ஊறவிட்டுவிடாமல், சிறிது சிறிதாக ஈரமாக்கிச் சுரண்டி உலரவிட்டு மீண்டும் தொடர்வது நல்லது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் சில வகைப் பிளாஸ்டிக் கோன்களையும், சில கோன்களின் மேற்பூச்சையும் கரைத்துவிடும் என்பதால் வேண்டாம். ஃபிரேமில் பழைய பசையின் மேடு சிறிது நின்றாலும் புதிய வளையம் சாய்ந்து உட்காரும்.

இனி மையப்படுத்துதல். இந்த வேலையின் வெற்றியும் தோல்வியும் இதில்தான் இருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கோனின் நடுவிலுள்ள டஸ்ட் கேப்பைக் கூர்மையான பிளேடால் விளிம்பை ஒட்டி வெட்டித் தூக்கி, நடு இரும்புக்கும் காயிலுக்கும் இடையே நான்கு திசைகளில் மெல்லிய பட்டைகளைச் செருகுவது. வீட்டில் இருக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரல் அகலத்துக்கு வெட்டினால் இதற்கு நல்ல பட்டை கிடைக்கும்; தளர்வாக இருந்தால் இரண்டு அடுக்கு வையுங்கள். இரண்டாவது வழியில் டஸ்ட் கேப்பைத் தொடுவதில்லை: வளையத்தைக் கோனோடு ஒட்டி உலர்ந்தபின், ஃபிரேம் பக்கத்துப் பசை ஈரமாக இருக்கும்போதே 20 அல்லது 30 ஹெர்ட்ஸ் தொனியை மிகக் குறைந்த அளவில் வூஃபருக்குக் கொடுத்து, உரசல் இல்லாமல் சில மில்லிமீட்டர் ஆடும் நிலை வரும்வரை வளையத்தை விரல் நுனியால் நகர்த்திச் சரிசெய்வது. முதல்முறை செய்பவருக்கு எக்ஸ்ரே பட்டைகளையே பரிந்துரைப்பேன். டஸ்ட் கேப்பைத் திரும்ப ஒட்டினால் தடம் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் காயில் நடுவில் நிற்கிறதா என்ற ஐயம் இராது.

தாள் கோனுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். பிழை நேர்ந்தால் நகர்த்த நேரம் தரும் என்பதே அதன் சிறப்பு. சூப்பர் க்ளூ அந்த நேரத்தைத் தராது. முதலில் கோன் பக்கத்தை ஒட்டி, சுற்றிலும் விரலால் அழுத்தி, முழுவதும் உலர்ந்தபின் ஃபிரேம் பக்கத்துக்குப் போங்கள். துணி உலர்த்தும் கிளிப்புகளை ஃபிரேமைச் சுற்றிப் போட்டு 24 மணி நேரம் கிடக்கவிடுங்கள். பிறகு பட்டைகளை உருவி, கோனின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

பாஸ் வரும்போது உரசும் ஓசை கேட்கிறது

மேலே சொன்ன அதே அழுத்தும் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் மட்டும் உரசினால் காயில் மையத்திலிருந்து விலகியிருக்கிறது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் உரசினால் காயில் வெந்து உப்பியிருக்கலாம், அல்லது இடைவெளிக்குள் துகள் புகுந்திருக்கலாம். பெட்டி எப்போதாவது கீழே விழுந்ததா என்று கேட்டுப் பாருங்கள். காந்தத்தை ஃபிரேமோடு ஒட்டிய பசை விட்டு, காந்தமே ஒரு மயிரிழை நகர்ந்திருக்கக்கூடும். அதை வீட்டில் நேராக்க முயல வேண்டாம்.

நெடுங்காலம் ஒரே நிலையில் நின்ற வூஃபரில் ஸ்பைடர், அதாவது கோனின் அடியில் இருக்கும் நெளிநெளியான துணித்தட்டு, காயிலின் எடையால் ஒரு பக்கம் தொங்கிப்போவதும் உண்டு. மருந்து எளியது: வூஃபரை 180 பாகை திருப்பித் திரும்பப் பூட்டிவிடுங்கள். துகளை எடுப்பதானால் டஸ்ட் கேப்பைத் திறந்து, ஃபிலிம் பட்டையின் மேல் இருபக்க ஒட்டுநாடாவைச் சுற்றி, இடைவெளிக்குள் விட்டு இழுக்க வேண்டும். காற்றடித்தால் இரும்புத்தூள் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

எல்லாம் ஒலிக்கிறது, ஆனால் பாஸ் மெலிந்திருக்கிறது

இரண்டு பெட்டிகளையும் சேர்த்துக் கேட்கும்போது மட்டும் பாஸ் மெலிந்து, பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறினால், ஒன்றின் கம்பி தலைகீழாக இணைந்திருக்கிறது. ஒரு பெட்டியின் கம்பியை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். பேட்டரியால் உறுதி செய்வதானால், பிளஸ் முனையில் பேட்டரியின் பிளஸைத் தொடும்போது கோன் வெளியே வர வேண்டும். ஆனால் பழைய ஜேபிஎல் வூஃபர்களில் இந்த வழக்கம் நேர்மாறானது. சிவப்பு முனையில் பிளஸ் வைத்தால் கோன் உள்ளே போகும். அதைப் பழுது என்று நினைத்து ஒன்றை மட்டும் மாற்றிவிட்டால் அன்றுதான் உண்மையான பழுது தொடங்கும்.

தனியாகக் கேட்டாலும் மெலிந்திருந்தால், மூடிய பெட்டியில் முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. வூஃபர் கோனை விரல்களால் ஒரு சென்டிமீட்டர் மெல்ல அழுத்திப் பிடித்து விடுங்கள். காற்று வில் முழுமையாக இருந்தால் கோன் தயங்கித் தயங்கி ஓரிரு நொடியில் பழைய இடத்துக்கு வரும். உடனே துள்ளித் திரும்பினால் காற்று எங்கோ ஓடுகிறது. துளை வைத்த பெட்டியில் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. வூஃபரைச் சுற்றிய புட்டி, பின்புறக் குமிழ்களின் தண்டு, முனைகளின் துளைகள், பிரிந்த மூட்டுகள் என்ற வரிசையில் தேடுங்கள். 40 ஹெர்ட்ஸ் தொனியை வைத்து, ஈரமான விரலை மூட்டுகளின் ஓரமாக நகர்த்தினால் கசியும் இடத்தில் காற்று சில்லென்று படும். புட்டி வறண்டிருந்தால் அதைச் சுரண்டிவிட்டு, இறுகாத கேஸ்கெட் நாடா வையுங்கள். சிலிக்கான் சீலன்ட் போட்டு அடைத்தால் அடுத்தமுறை வூஃபரைக் கழற்றும்போது பலகையும் சேர்ந்து பிய்யும்.

துணி விளிம்புள்ள வூஃபர்களில் துணியின் நுண்துளைகள் வழியாகவே காற்று ஓடும். அத்துணியின் மேல் தயாரிப்பின்போது பூசிய காற்றடைப்புப் பூச்சு காலத்தால் வறண்டுவிட்டிருக்கும். என்றும் இளகலாகவே நிற்கும் பூச்சை, மிக மெல்லிய ஒரு கோட்டாகத் தூரிகையால் தடவி, ஒருநாள் விட்டு அழுத்திப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இரண்டாவது கோட்டு இடுங்கள். உலர்ந்து விறைக்கும் பசையையோ வார்னிஷையோ பூசினால் அந்த வூஃபர் அதோடு முடிந்தது.

கசிவும் இல்லை, இணைப்பும் சரி, ஆனாலும் ஒரு வூஃபர் மற்றதைவிட மெல்ல ஒலிக்கிறது என்றால், அல்நிக்கோ எனும் கலப்புலோகக் காந்தம் உள்ள பழைய யூனிட்டுகளில் காந்த வலிமை குறைந்திருக்கலாம். மீண்டும் காந்தமேற்றும் கருவி உள்ள இடத்துக்குத்தான் அதை அனுப்ப வேண்டும்.

குறிப்பிட்ட சில சுரங்களில் மட்டும் அதிர்கிறது

இது பெரும்பாலும் யூனிட்டின் குறையல்ல. முன்துணிச் சட்டம், பின்புறப் பெயர்த்தகடு, தளர்ந்த திருகாணி, பாதி எழும்பிய டஸ்ட் கேப், உள்ளே பசை விட்டு ஆடும் க்ராஸ்ஓவர்க் காயில், பலகையில் தட்டும் கம்பி ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் தொனியைப் போனிலிருந்து கொடுத்து, அதிர்வு எழும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது அடங்குகிறதோ அதுதான். ஒருமுறை இரண்டு மாலைகள் தேடிய அதிர்வு, பெட்டியில் இல்லாமல், அதற்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடியில் இருந்தது.

ஆம்ப்ளிஃபையர் சூடாகிறது, அல்லது நடுவில் நின்றுவிடுகிறது

ஏஆர்-3ஏ 4 ஓம் பெட்டி. 8 ஓமுக்கென்றே செய்த சிறிய ஆம்ப்ளிஃபையரில் அதை இணைத்து ஒலியைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபையர் தடுமாறும்; 'ஏ+பி' என்று இரண்டு ஜோடிகளைச் சேர்த்து ஓட்டினால் அது 2 ஓம் ஆகிவிடும். ஆகவே முதலில் ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அது 4 ஓமைத் தாங்கும் என்றிருந்தும் நிற்கிறது என்றால் பெட்டி முனைகளில் அளவு பாருங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால், காயிலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், அல்லது உள்ளே இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கலாம். வூஃபரைத் தனியே விடுவித்து அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். காயில்தான் என்றால், அந்த வூஃபரின் காயில் விட்டம், சுற்று அடுக்கு, பழைய ஓம் அளவு ஆகியவற்றை நல்ல பெட்டியின் வூஃபரிலிருந்து அளந்து எழுதி எடுத்துக்கொண்டுதான் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டும். மைக் செட் ஹாரன்களும் கோயில் திருவிழா வூஃபர்களும் கட்டிப் பழகிய கைகள் அவை. சொல்லாவிட்டால் அதற்கேற்ற தடித்த, விறைத்த ஸ்பைடரைப் போட்டுத் தந்துவிடுவார்கள். வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் மூடிய பெட்டிக்குத் தேவையான தளர்வு அதில் இராது.

வேலை முடிந்த பெட்டியையும் தொடாத பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆம்ப்ளிஃபையரை மோனோவில் போட்டு, பேலன்ஸ் குமிழை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஒரே பாட்டைக் கேளுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் முதலில் பின்புறக் குமிழ்களை ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் வேறுபாடு நின்றால், இரண்டாவது பெட்டியையும் திறக்கும் நாள் வந்துவிட்டது.